ஏலத்துக்கு வராத மீன்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த கள அலுவலர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம், ஓய்வு பெற்றவர்களில் ஒருத்தர் வந்து பேச வேண்டுமாம். தலைப்பைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. 'நாட்டின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது: உற்பத்தியா, மக்கள் நலமா?' இதற்கு எனக்குக் கொடுத்த நேரம் பத்தே நிமிடம். பொன்னாடை போர்த்துவதிலும் போட்டோ எடுப்பதிலும் பாதி போயிற்று. மிச்ச நேரம் முழுக்க மைக் கொர்ரென்று இழுத்துக்கொண்டே கிடந்தது.

கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், இப்பல்லாம் தராசுல மீன் வெச்சா எடை நேரா போனுக்கு வந்துடுது. அப்பல்லாம் நீங்க வெயில்ல நின்னு என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் டீயும் சமோசாவும் வந்துவிட்டன. சமோசாவை ஜெயித்த பேச்சாளர் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது யாரும் மணி அடிக்க மாட்டார்கள்.

என் பெயர் ஜெபமணி. அப்பா தெற்கேயிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுட்டி" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. புளி உருண்டையைக் கையில் வாங்கியதும் எடை சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. குட்டு வாங்கி வாங்கிப் பழகிய அந்தக் கைதான் பிறகு எனக்குச் சோறு போட்டது. கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுக்கும் அரசாங்கப் பிரிவில் வேலை கிடைத்தது. "இவ்வளவு படிச்சிட்டு மீன் எண்ணவா போற?" என்று அப்பா முகத்தைச் சுளித்தார். பென்ஷன் உண்டு என்றதும் சுளித்த முகம் நேராகிவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீன்களின் பெயரைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தோம். கரைக்கு வந்தால் படத்தில் இருந்த பெயரை இங்கே ஒருவரும் சொல்வதில்லை. படித்ததை மறந்துவிட்டு மீன்காரப் பெண்களிடம் மறுபடி படித்தோம், அவ்வளவுதான்.

எனக்கு ஒதுக்கிய கரை திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில். அதில் ஒரு குப்பத்தில்தான் இந்தக் கதை நடந்தது. செல்லியம்மன் குப்பம் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பார்கள், எனக்கோ அங்கே இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெயிலில் நின்று என்ன செய்தோம்? விடிந்ததும் கரைக்குப் போய்விடுவேன். போகும் வழியில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகுந்து கடக்க வேண்டும். எத்தனை படகு கடலுக்குப் போயிருக்கிறது என்று முதலில் எண்ணுவேன். திரும்பி வருகிற படகுகளில், இத்தனைக்கு ஒன்று என்ற முறைப்படி, சிலதைப் பொறுக்கிக்கொள்வேன். நல்ல மீன் பிடித்த படகின் பக்கமே கண் போகும். அது கூடாது. வெறும் வலையோடு வருகிறவன் முறையில் வந்தால் அவனைத்தான் எழுத வேண்டும். எந்த வலை, எத்தனை ஆள், என்ன மீன், எத்தனை கூடை. மீனை மணலில் கொட்டியதும் ஏலக்காரர் தொகையைக் கூவ ஆரம்பிப்பார், பெண்கள் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டே ஏலம் எடுப்பார்கள். அந்தக் கூச்சலுக்குள் நின்று கண்ணாலேயே எடை போட வேண்டும். ஆரம்பத்தில் என்னைக் கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்தார்கள். பிறகு 'கணக்கக்கா' ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் மேலதிகாரி இரத்தினம் சார் மதுரைப் பக்கத்துக்காரர். பெண் ஊழியர்கள் எல்லாரும் அவருக்குத் 'தாயி'தான். அதட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் எழுதிக் கொண்டுபோன எண்ணை வாய்விட்டு ஒருமுறை நிதானமாக வாசிப்பார். வாசித்துவிட்டுச் சும்மா இருப்பார். மின்விசிறி கறகறவென்று சுற்றும். நமக்கு வேர்த்துவிடும். பிறகு ஒரே ஒரு கேள்வி வரும். "பாத்ததா தாயி, கேட்டதா?" கேட்டது என்றால் தாளை நம் பக்கமே மெதுவாகத் தள்ளிவிடுவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தத் தள்ளல் இருக்கிறதே, அப்பப்பா! அவர் ஒரு தடவை தள்ளினால் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வராது.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டு விதக் கணக்கு எடுத்தோம். ஒன்று உற்பத்திக் கணக்கு. கரையில் ஏலத்தில் போன மீன் எவ்வளவு என்பது. இன்னொன்று வீட்டுக் கணக்கு. சுகாதாரத் துறைக்காக எப்போதாவது வரும். வீடு வீடாகப் போய், இந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, உடம்புக்கு எப்படி என்று கேட்க வேண்டும். முதலாவதை எல்லாரும் 'பெரிய கணக்கு' என்பார்கள், இரண்டாவது 'சின்ன கணக்கு'. பெரிய கணக்கு அன்றன்றைக்கே மேலிடத்துக்குப் போகும். சின்ன கணக்கு ரப்பர் பேண்டு இற்றுப்போகும் வரை அலமாரியில் கிடக்கும்.

இப்போது அந்தக் குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகு கரை ஏறியதும், ஏலத்துக்கு முன்னால், வேலை செய்த ஆட்கள் வீட்டுக் குழம்புக்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வார்கள். இது எல்லாக் கரையிலும் உண்டு. செல்லியம்மன் குப்பத்தில் இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போக ஆம்பளை இல்லாத வீட்டுப் பெண்கள், விடிகாலையில் ஒரு குண்டானைக் கொண்டுவந்து படகு நிழலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரை ஏறும் ஒவ்வொரு படகுக்காரனும் ஒரு கை மீனை அதில் போட்டுவிட்டுத்தான் ஏலத்துக்குப் போவான். 'கைமீன்' என்று பெயர். அதற்கு இரண்டு சட்டம். வாங்குகிறவள் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கொடுக்கிறவன் கொடுத்தேன் என்று சொல்லக் கூடாது. யாருடைய குண்டான் என்று உற்றுப் பார்ப்பதுகூட அங்கே அநாகரிகம்.

குழம்பு மீனும் கைமீனும் எங்கள் பெரிய கணக்கில் வராது. வீட்டில் தின்பதையும் சேர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்தான். கரையில் யாரும் அதைச் சேர்த்ததில்லை. ஏலத்தில் போனால்தான் அது மீன்.

இப்படி இருக்கும்போது குப்பத்துக்கு நல்ல காலம் வந்தது. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல காலம்தான். ஒரு திட்டத்தில் மீன் ஏலத்துக்கு ஷெட் கட்டிக் கொடுத்தார்கள், மின் தராசு கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் எந்தக் கரையின் ஏல எடை அதிகம் கூடுகிறதோ, அந்தக் கரைக்கு ஐஸ் ரூம் கட்டித் தருவதாகவும் அறிவித்தார்கள். மீனவர்களுக்கு ஐஸ் ரூம் என்றால் சும்மா இல்லை. வெயில் காலத்தில் மீன் கெட்டுவிடும் என்ற பயத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வயிறெரிந்தவர்கள் அவர்கள். குப்பத்துத் தலைவர் தனசேகர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "நைனா, ஒரு பருவம் பல்லக் கடிச்சிக்கோங்கோ. கெடைக்கற மீனு அத்தினியும் தராசுல ஏறணும். ஐஸ் ரூமு நம்பளுக்குத்தான்."

ஊரே கட்டுப்பட்டது. குழம்பு மீன்கூடத் தராசில் ஏறியது. எடை ஏறியது, பணமும் வந்தது. என் தாளில் எண்கள் கிடுகிடுவென்று உயர்ந்தன. என் கரைதான் முதலிடம் என்று மேலிடத்திலிருந்து பாராட்டி ஃபோன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அலுவலகத்தில் எல்லாருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்ன கணக்கும் வந்து சேர்ந்தது. நான் போக வேண்டிய வீடுகளில் கன்னியம்மாள் வீடும் இருந்தது. கன்னியம்மாளின் புருஷன் கடலில் இறந்துபோய்ச் சில வருடம் ஆகியிருந்தது. மீந்த மீனைக் காயவைத்துக் கருவாடு விற்றுக் குடும்பம் நடத்துகிறவள். ஷெட் வந்த பிறகு மீனே மிஞ்சவில்லை, அதனால் கருவாடும் இல்லை. கூப்பிட்ட நாளுக்கு இறால் உரிக்கப் போவாள். அவள் மகள் சுதா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். முகம் வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு ரத்தம் ரொம்பக் கம்மி, நன்றாகச் சாப்பிட வைக்காவிட்டால் பிரசவம் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இந்த வாரம் எத்தனை நாள் மீன் சமைச்சீங்க?" என்று படிவத்தில் இருந்தபடி கேட்டேன்.

"மீனுக்கு இன்னா பஞ்சம் கணக்கக்கா? கடக்கரைல குந்திகினு மீனு இல்லாம பூடுமா? தெனம் மீனுதான்" என்றாள் கன்னியம்மாள். சுதா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் மீன் என்று எழுதிக்கொண்டு சந்துக்கு வந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. அந்தச் சந்தில் நான் நின்று எழுத ஆரம்பித்தாலே பூனைகள் வந்து மொய்க்கும். கரையில் சுற்றிய என் பைக்கு அத்தனை வாசனை. ஒன்று பையை முகரும், ஒன்று என் செருப்பின் மேலேயே படுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒரு பூனை கிடையாது. அடுத்த சந்திலும் கிடையாது. கடைசியில் ஏல ஷெட்டுக்குப் போனால், குப்பத்துப் பூனை ஜனத்தொகை மொத்தமும் அங்கே சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து ஏலம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் இரத்தினம் சார் என் வீட்டுக் கணக்கை வாசித்தார். 'கன்னியம்மாள் வீடு, தினமும் மீன்' என்ற இடத்தில் நிறுத்தினார். "பாத்ததா, கேட்டதா?" என்றார். கேட்டதுதான் சார் என்றேன். தாள் என் பக்கம் வரப் போகிறதே என்ற பயத்தில், பேச்சை மாற்ற, பூனைக் கதையைத் தமாஷாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மீன் குழம்பு வைக்கிற வீட்டை விட்டுப் பூனை போகுமா தாயி? சாப்பாட்டு நேரத்துக்கு இன்னொரு தடவை போ. ஒண்ணும் கேக்காத. சும்மா உக்காந்திரு" என்றார்.

வீட்டுக் கணக்கில் சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை போய்ப் பார்ப்பது எங்கள் விதிதான். மத்தியானம் போனேன். வெயிலாக இருக்கிறது, ஒரு வாய் தண்ணீர் குடு என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். சுதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு, தண்ணி ரசம், நொறுக்கிப் போட்ட ஒரு அப்பளம். மீன் நறுக்கும் அரிவாள்மனை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் பார்ப்பதைக் கன்னியம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கி வெள்ளிக்கெயம, அதான் வூட்ல கவுச்சி செய்யல" என்றாள்.

"யம்மா, இன்னிக்கி பொதங்கெயம" என்றாள் சுதா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுதாவும் சிரித்தாள். "அடப் போடி, நாளுகூடவா மாறிப்பூடும்!" என்று கன்னியம்மாளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் சொன்னாள். "ஷெட்டு வந்த மொத நாளு எப்பவும் போல குண்டான் வெச்சேன் அக்கா. வெறும் குண்டான் எடுத்தாந்தேன். ரெண்டா நாளும் அதே கதெ. போறவன் வர்றவன்லாம் பாக்கறான். மூணா நாளு குண்டான வூட்லயே வெச்சிட்டேன்."

"தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு கைமீனா? பிச்ச! எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த வூட்ல ஆரும் வாயத் தொறந்து கேட்டதில்ல. நீ ஆராண்டயாவது என் பேரச் சொன்ன, எம்மேல சத்தியம், அப்பறம் உன் மூஞ்சிலயே முயிக்க மாட்டேன்."

சுதாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் என் கையிலிருந்து மீன் வாங்கிக் கொடுத்தால் கன்னியம்மாள் என்னைத் தெருவில் நிறுத்திவிடுவாள். அவள் பெயரைச் சொல்லாமல் அவள் வீட்டுக்கு மீன் வர வேண்டும். இரத்தினம் சாரிடம் பெயரைச் சொல்லாமலேயே விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு எந்த வீடு என்று தெரியும்தான், ஆனாலும் அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "தலைவர் எப்ப கூட்டம் போடுறாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஐஸ் ரூம் விஷயமாக அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் முன்னால் கூட்டம் இருந்தது. இரத்தினம் சார் வந்ததும் நாற்காலி போட்டு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவரும் எழுந்து, "இப்பக்கி உங்க கரைதான் முதல்ல நிக்குது" என்றார். விசில் பறந்தது. தனசேகர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் தலைவரே. உங்க ஊருப் பூனையெல்லாம் எங்க போச்சு?" என்றார் சார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஷெட்டாண்ட குடித்தனம் பூட்ச்சி சார்!" என்று ஒருத்தர் கத்தினார். "மீனு அங்கதான சார் கீது!"

"அப்ப வீட்டுல இல்லையா?" என்றார் சார். கேட்டுவிட்டு, அலுவலகத்தில் செய்வது போலவே, சும்மா இருந்தார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. முதலில் உறைத்தது மீன்கார அஞ்சலைக்குத்தான். ஏலத்தில் எல்லாரையும் வாயாலேயே விரட்டுகிறவள். அவள் பெண்கள் பக்கம் திரும்பி, "ஏண்டி, உங்க வூட்ல மீனு கொயம்பு வெச்சி எத்தினி நாளு ஆவுது?" என்றாள். ஒருத்தி கோழி என்றாள், ஒருத்தி முட்டை என்றாள், பணம்தான் வருகிறதே என்றாள் இன்னொருத்தி. அந்தப் பணம் அவள் கைக்கு வருவதற்குள் எவ்வளவு கரைகிறது என்று பக்கத்திலிருந்தவள் முணுமுணுத்தாள். மீனாக வந்தவரை அது நேரே பெண்கள் கையில் இறங்கியது. பணமாக மாறியதும் அது ஆண்கள் சட்டைப்பையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது. அஞ்சலை திடீரென்று வாயில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! பணம் வர்ற வூட்ல கோயி துன்றீங்கோ, செரி. ஆம்பள இல்லாத வூடுங்களுக்கு ஆரு கைமீனு போடறது?"

படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், அடுத்த படகு போடும் என்று இருந்தேன் என்றான். அடுத்த படகுக்காரன், அவன் போடுகிறான் என்றுதான் நான் விட்டேன் என்றான். கொடுத்ததைச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தினால் யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. குண்டான் வருவதும் நின்றுபோனதால், தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் கெட்டவர் இல்லை, ஆனால் பல வாரமாக அந்த வீடுகளுக்கு ஒரு மீன் போகவில்லை. பின்வரிசையில் கன்னியம்மாள் தலை குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று நினைப்பாளோ என்று பயந்து அவள் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

தனசேகர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப கைமீனும் கொயம்பு மீனும் எடுத்தா எடை எறங்கிப்பூடும். ஐஸ் ரூமு கைவுட்டுப் பூடும். அது வந்தா இந்தப் பொம்பளைங்களுக்கும்தான வேல? நான் எனுக்காவா கேக்கறேன்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள்.

"மீனு கெடாம வெக்க ரூமு கட்டலாம் நைனா. மனுசன் காஞ்சி பூட்டா எந்த ரூமுல வெப்ப?" என்றாள் அஞ்சலை.

எல்லாரும் இரத்தினம் சாரைப் பார்த்தார்கள். அவர், "முடிவு உங்களுது. எடை ஏறினாலும் எறங்குனாலும் நாங்க பாத்தத எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு சோடாவைக் குடித்து முடித்தார்.

தனசேகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி. நாளைலேர்ந்து அந்த வூட்டுப் பொம்பளைங்க குண்டான் கொண்டாந்து வெய்யுங்கோ" என்றார். கன்னியம்மாளின் தலை இன்னும் கீழே போயிற்று. அந்த ஒரு வார்த்தையில் நாளைக்குக் குண்டான் வைக்கிறவள் யார் யார் என்று ஊரே எண்ணிவிடும். அவள் வைக்க மாட்டாள், செத்தாலும் வைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அஞ்சலைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "அது இன்னா அந்த வூடு, இந்த வூடு? குண்டான் வெச்சா எல்லா வூடும் வெக்கணும். நானும் வெப்பேன், உன் பொண்டாட்டியும் வெக்கட்டும். எது எவுருதுன்னு எவனாவது குனிஞ்சி பாத்தான், கண்ண நோண்டிடுவேன்" என்றாள். தனசேகர் அவளை நிமிர்ந்து பார்த்து, "எம் பொண்டாட்டி குண்டான்தான் மொதல்ல வரும்" என்றார்.

மறுநாள் காலையில் நான் பார்த்ததை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. படகு நிழலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் குண்டான்கள். அலுமினியம், எவர்சில்வர், பிளாஸ்டிக் பக்கெட், யாரோ மூடியில்லாத குக்கரைக்கூட வைத்திருந்தார்கள். படகுகள் வந்தன. ஆட்கள் பேசாமல் வரிசையாக ஒவ்வொரு கை போட்டுக்கொண்டே போனார்கள். பெண்கள் கும்பலாக வந்து, கூச்சலும் சிரிப்புமாக அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் கன்னியம்மாள் எப்போது வந்தாள், எதை எடுத்தாள் என்று, எண்ணுவதையே தொழிலாக வைத்திருந்த எனக்கே தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்த அன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

எடை இறங்கியது. ஐஸ் ரூம் வேறு கரைக்குப் போய்விட்டது. தனசேகர் கொஞ்ச நாள் என்னைக் கண்டால், "இன்னா பூனக் கணக்கு, சௌக்கியமா?" என்று இடித்துக்கொண்டே இருந்தார். சில வருடம் கழித்து வேறொரு திட்டத்தில் இவர்களுக்கும் ஐஸ் ரூம் வந்தது. திறப்பு விழாவில் எனக்கும் ஒரு மாலை போட்டு அந்தக் கோபத்தை முடித்துவைத்தார்.

மேலிடம் மட்டும் விடவில்லை. அந்தக் கரையில் உற்பத்தி ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார்கள். இரத்தினம் சார் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'உற்பத்தி குறையவில்லை, ஒரு பங்கை ஊர் சாப்பிட்டது.' இதற்கு விதி எண் என்ன என்று திரும்பக் கேட்டார்கள். சார் அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார், மடித்து மேஜைக்குள் போட்டார், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

உற்பத்தி முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் கடைக்காரர் மகள், கல்லாவில் காசு விழாத வீட்டில் என்ன நலம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏல எடை ஏறினால் ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கே அது ஏறியதே அடுத்த வீட்டுத் தட்டிலிருந்து எடுத்துத்தான். வீட்டுக் கணக்கை மட்டும் நம்பினாலும் ஏமாந்துதான் போவோம். மானமுள்ள மனுஷி பட்டினி கிடக்கிறேன் என்று எந்த அதிகாரியிடமும் சொல்லமாட்டாள். உற்பத்தியை நின்றுகொண்டே எழுதிவிடலாம், நலத்தை அந்த வீட்டில் போய் உட்கார்ந்துதான் எழுத முடியும். அந்தப் பெண்ணிடம் சமோசாவுக்கு முன்னால் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

சுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். அடுத்த சுற்று வீட்டுக் கணக்குக்குப் போனபோது, வாசலிலேயே பூண்டும் சீரகமும் வதக்கும் வாசனை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு கிண்டிக்கொண்டிருந்தாள் கன்னியம்மாள். சுதாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நான் நின்றுகொண்டே பேனாவைத் திறந்தேன். கன்னியம்மாள் அதைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டாள்.

"மொதல்ல குந்து."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"அன்னிக்கி ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டு எய்ந்து பூட்ட. வூட்டுக்கு வந்தவளுக்குப் போட ஒண்ணுமில்லியேன்னு எனுக்கு எவ்ளோ பேஜாரா பூட்ச்சி தெரியுமா? ராவெல்லாம் தூக்கம் இல்ல" என்றாள். அவ்வளவு நாளாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். பசியைக் காட்டிலும் அதுதான் அவளை அதிகம் வருத்தியிருக்கிறது.

தட்டு நிறையப் புட்டு வைத்தாள். சூடு பறந்தது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வந்தது, மிளகுக் காரம் என்று சொல்லிக்கொண்டேன். நான் சாப்பிடுவதை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். தட்டு காலியாவதற்குள் மறுபடி கரண்டியோடு குனிந்தாள். போதும் என்று கையால் மறைத்தேன்.

கையைத் தட்டிவிட்டாள். "துன்னுக்கா. இன்னும் கீது."